பள்ளிகளில் இளையோர் வழிகாட்டித் திட்டங்களின் பயன்: சமவாய்ப்பு ஆய்வுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோரோ வகுப்பாசிரியரோ அல்லாத மூத்தவர் ஒருவரைப் பள்ளி மாணவர் ஒருவருக்குத் துணையாக அமர்த்தும் முறை வழிகாட்டித் திட்டம் எனப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்றச் சூழலில் உருப்பெற்ற இம்முறை, அந்நூற்றாண்டின் இறுதியில் பள்ளி வளாகங்களுக்குள் பெருமளவில் நுழைந்தது. இத்திட்டங்கள் மாணவரின் கல்வி, நடத்தை, தன்மதிப்பு ஆகியவற்றில் எத்தகைய மாற்றத்தை விளைவிக்கின்றன என்பதை 1939 முதல் நடைபெற்ற முதன்மையான ஆய்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பள்ளிசார் வழிகாட்டலின் சராசரிப் பயன் சிறியது என்பதும், உறவின் கால அளவும் திட்டத்தின் குறிநோக்கமுமே அப்பயனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதும், இடையில் முறியும் உறவு மாணவருக்குத் தீங்காகவும் முடியலாம் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வழிகாட்டித் திட்டம், பள்ளிசார் வழிகாட்டல், சமவாய்ப்பு ஆய்வு, தொகுப்பாய்வு, விளைவளவு, இடைநிற்றல்.

முன்னுரை

கல்விப் புலத்தில் சில கருத்துகள் ஆராயப்படாமலேயே ஏற்கப்பட்டுவிடுகின்றன. இளம் பருவத்தினருக்கு அன்புள்ள மூத்தவர் ஒருவரின் துணை நன்மையே தரும் என்பது அவற்றுள் ஒன்று. குருவின் அருகிருந்து கற்கும் மரபை உயர்வாகப் போற்றும் சமூகங்களில் இக்கருத்து ஐயத்திற்கே இடமற்றதாகத் தோன்றும். ஆயினும் இயல்பாக வாய்க்கும் ஒரு துணை வேறு. ஒரு நிறுவனம் பட்டியலிட்டு, இணை சேர்த்து, கால அட்டவணையில் பொருத்தி வழங்கும் துணை வேறு. முன்னதன் நன்மை பின்னதற்கும் தானே வந்துசேரும் என்று கொள்வதற்கில்லை. அரசும் தொண்டு நிறுவனங்களும் பொருட்செலவு செய்து நடத்தும் திட்டம் உண்மையில் பயனளிக்கிறதா என்ற வினாவுக்கு நம்பிக்கை விடையாகாது, சான்றே விடையாகும்.

இவ்வகையில் அமெரிக்க ஆய்வுலகம் நெடுங்காலமாகத் திரட்டியுள்ள சான்றுகள் விரிவானவை. எனவே அந்நாட்டு ஆய்வுகளை முதன்மையாகக் கொண்டும், ஜெர்மனி, இராஜஸ்தான் ஆகிய இடங்களின் ஆய்வுகளை ஒப்புநோக்கியும் இக்கட்டுரை அமைகிறது. வழிகாட்டல் பெற்ற மாணவரையும் பெறாத மாணவரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்பு ஆய்வுகளே இங்குப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தாமாக முன்வந்து திட்டத்தில் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே ஊக்கம் மிக்கவராக இருக்கக்கூடும். அவரைச் சேராதவருடன் ஒப்பிட்டால் ஊக்கத்தின் விளைவு திட்டத்தின் விளைவாகத் தோன்றிவிடும். குலுக்கல் முறை இப்பிழையைத் தவிர்க்கிறது.

1. தோற்றமும் முதல் எச்சரிக்கையும்

1904ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றிய எர்னெஸ்ட் கூல்ட்டர், நீதிமன்றத்திற்கு வரும் சிறுவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர் நண்பராக அமைய வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னாளில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் நாடு முழுவதும் பரவிய அமைப்பின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. மூத்த சகோதரர், மூத்த சகோதரி என்னும் உறவுப் பெயர்களையே அமைப்பு தனக்குச் சூட்டிக்கொண்டது கருதத்தக்கது. ஆசிரியரின் இடத்தையோ அதிகாரியின் இடத்தையோ அன்றிக் குடும்பத்து மூத்தவரின் இடத்தையே வழிகாட்டிக்கு அது அளித்தது.

இத்தகைய துணையின் விளைவை அறிவியல் முறையில் அளக்க முயன்ற முதல் பெரிய ஆய்வு மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் 1939ஆம் ஆண்டு தொடங்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ரிச்சர்டு கிளார்க் கேபட் இதனை வகுத்தார். 506 சிறுவர்கள் இணை இணையாகப் பொருத்தப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒருவர் குலுக்கல் முறையில் திட்டக் குழுவில் சேர்க்கப்பட்டார். ஆலோசகர்கள் சிறுவரின் இல்லங்களுக்குச் சென்றனர், பாடங்களில் உதவினர், மருத்துவ உதவிக்கு வழிசெய்தனர், பலரைக் கோடை முகாம்களுக்கு அனுப்பினர். திட்டம் 1945இல் முடிவுற்றது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஜோன் மெக்கார்ட் அச்சிறுவர்களைத் தேடிக் கண்டறிந்து 1978இல் வெளியிட்ட முடிவுகள் கல்வியுலகை அதிரச் செய்தன. திட்டத்தில் இருந்தோரில் மூன்றில் இரு பங்கினர் அது தங்களுக்கு உதவியதாகவே கூறினர். ஆனால் அவர்களின் வாழ்க்கைப் பதிவுகள் வேறொன்றைக் காட்டின. மீண்டும் குற்றம் புரிதல், மதுப் பழக்கத்தின் அறிகுறிகள், இளவயது இறப்பு முதலியவற்றில் திட்டக் குழுவினர் கட்டுப்பாட்டுக் குழுவினரைவிடத் தாழ்ந்த நிலையிலேயே இருந்தனர். கோடை முகாம்களில் ஒத்த சிக்கல்களுடைய சிறுவர்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரையொருவர் தவறான வழியில் ஊக்குவித்ததே இத்தீங்கின் காரணம் என்று தாமஸ் டிஷியன், மெக்கார்ட், பிரான்சுவா பூலின் ஆகியோர் 1999இல் விளக்கமளித்தனர்.

இவ்வாய்விலிருந்து இரண்டு பாடங்கள் பெறப்படுகின்றன. நன்னோக்கமுடைய திட்டமும் தீங்கு விளைவிக்கலாம் என்பது ஒன்று. பங்கேற்றவரின் மனநிறைவு திட்டத்தின் பயனுக்குச் சான்றாகாது என்பது மற்றொன்று. கருத்துப் படிவங்களைக் கொண்டே திட்டங்களை மதிப்பிடும் வழக்கம் இன்றும் நிலவுவதால் இரண்டாம் பாடம் குறிப்பாகக் கருதத்தக்கது.

2. 1995ஆம் ஆண்டு ஆய்வும் அதன் பொருளும்

வழிகாட்டித் திட்டங்களுக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தது 1995இல் ஜோசப் டியர்னி, ஜீன் கிராஸ்மன், நான்சி ரெஷ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வறிக்கையாகும். பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் எட்டுக் கிளைகளில் விண்ணப்பித்திருந்த 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 959 இளையோர் இதில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினருக்கு உடனே வழிகாட்டிகள் தேடப்பட்டனர். மறுபகுதியினர் 18 மாதங்கள் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டனர்.

காலக்கெடு முடிவில், திட்டக் குழுவினரிடையே போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 விழுக்காடும், மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 விழுக்காடும் குறைந்திருந்தன. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. இவ்வெண்கள் நாளிதழ்களிலும் சட்டமன்ற உரைகளிலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டன.

எனினும் இவற்றின் பொருளை நுணுகிக் காண வேண்டும். இளம்பருவம் முதிர முதிரத் தீய பழக்கங்களின் ஈர்ப்பும் பள்ளியிடமிருந்து விலகலும் பொதுவாக வளர்கின்றன. ஆய்வின் இரு குழுக்களிலும் இச்சரிவு காணப்பட்டது. திட்டக் குழுவில் அது மெதுவாக நிகழ்ந்தது. அதாவது வழிகாட்டல் மாணவரை உயர்த்தியது என்பதைவிட, அவர் சரிவதைத் தணித்தது என்பதே பொருந்தும். மேலும் இங்கு ஆராயப்பட்டது சமூகம்சார் வழிகாட்டல். வழிகாட்டியும் இளையவரும் விளையாட்டுத் திடல், நூலகம், உணவகம் எனத் தாம் விரும்பிய இடங்களில் மாதத்திற்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் சந்தித்தனர். பள்ளி மணியோசைக்குக் கட்டுப்பட்ட உறவன்று அது.

3. பள்ளிக்குள் நுழைந்த வழிகாட்டல்

இவ்வெற்றியின் ஊக்கத்தால் வழிகாட்டல் விரைந்து விரிவடைந்தது. பள்ளியில் நடத்துவதில் நிருவாக வசதிகள் பல இருந்தன. இடம் இலவசம், மேற்பார்வை எளிது, பாதுகாப்புக் குறித்த அச்சம் குறைவு, வாரத்திற்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்க இயலும் தன்னார்வலரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் விண்ணப்பிக்காத மாணவரையும் ஆசிரியரே அடையாளம் காட்டலாம். 2003ஆம் ஆண்டு நாட்டுநிலை உரையில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், பின்தங்கிய மாணவருக்கும் சிறைப்பட்டோரின் குழந்தைகளுக்கும் வழிகாட்டிகளை அளிக்க 45 கோடி டாலர் திட்டத்தை முன்மொழிந்தார்.

சமூகம்சார் வழிகாட்டலுக்குக் கிடைத்த சான்றைக் கொண்டு பள்ளிசார் வழிகாட்டல் விரிவாக்கப்பட்டது என்பது இங்குக் கவனத்திற்குரியது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாகிவிட்டிருந்தது. இவ்வேறுபாட்டின் விளைவைப் பின்வந்த மூன்று பெரிய ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன.

3.1 கார்லா ஹெரேரா குழுவினரின் ஆய்வு. 2007இல் அறிக்கையாகவும் 2011இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வெளிவந்த இவ்வாய்வில் 71 பள்ளிகளைச் சேர்ந்த 1,139 மாணவர்கள் இடம்பெற்றனர். முதற் கல்வியாண்டின் இறுதியில், வழிகாட்டல் பெற்றோரின் கல்விச் செயல்பாடு ஆசிரியரின் மதிப்பீட்டில் சற்று உயர்ந்திருந்தது. தம் கல்வித்திறன் பற்றிய நம்பிக்கையும் கூடியிருந்தது. ஆனால் தன்மதிப்பிலும், பெற்றோர், ஆசிரியர், தோழர் ஆகியோருடனான உறவுகளிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரண்டாம் கல்வியாண்டின் நடுவில் மீண்டும் அளந்தபோது கல்விப் பயன்கள் பெரும்பாலும் மறைந்திருந்தன. திட்டக் குழுவில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டாம் ஆண்டில் வழிகாட்டலே தொடரவில்லை.

3.2 மைக்கேல் கார்ச்சரின் ஆய்வு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வழிவந்த 516 மாணவர்களை உட்படுத்திய இவ்வாய்வு 2008இல் வெளியாயிற்று. மாணவர்கள் சராசரியாக எட்டு முறை மட்டுமே வழிகாட்டியைச் சந்தித்தனர். தன்மதிப்பு, தோழமை ஆகியவற்றில் சிறு பயன்கள் காணப்பட்டன; மதிப்பெண்களில் மாற்றமில்லை. தொடக்கப்பள்ளி மாணவரும் மேல்நிலைப்பள்ளி மாணவியரும் பிறரைவிடக் கூடுதலாகப் பயன்பெற்றனர்.

3.3 கூட்டரசுக் கல்வித் துறையின் ஆய்வு. கூட்டரசு நிதி பெற்ற 32 திட்டங்களில் 2,573 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட இவ்வாய்வு 2009இல் வெளியாயிற்று. கல்வி ஈடுபாடு, பிறருடனான உறவு, தீய நடத்தை என்னும் மூன்று களங்களிலும் ஒட்டுமொத்தமாகப் புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத்தக்க விளைவு எதுவும் காணப்படவில்லை. மாணவியரிடம் சில நன்மைகளும், மாணவரிடம் பிறர்க்குதவும் பண்பில் ஒரு சரிவும் பதிவாயின. வழிகாட்டல் உறவு சராசரியாக ஆறு மாதத்திற்கும் குறைவாகவே நீடித்தது. கட்டுப்பாட்டுக் குழுவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேறு வழிகளில் வழிகாட்டிகளைப் பெற்றிருந்ததால் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மங்கியிருக்கலாம் என்பதும் கருதத்தக்கது.

மூன்று ஆய்வுகளையும் ஒருங்கே நோக்கின், பள்ளிசார் வழிகாட்டல் பயனற்றது என்ற முடிவுக்கு வர இயலாது. குறுகிய காலத்துக்கு அளிக்கப்பட்ட மெல்லிய தலையீடு மெல்லிய விளைவையே தந்தது என்பதே முறையான முடிவு.

4. தொகுப்பாய்வுகள் கூறுவன

தனித்தனி ஆய்வுகளின் முடிவுகளைப் பொது அளவுகோலுக்கு மாற்றி ஒன்றுசேர்ப்பது தொகுப்பாய்வு. டேவிட் டுபாய்ஸ் குழுவினர் 2002இல் 55 மதிப்பீடுகளையும், 2011இல் 73 மதிப்பீடுகளையும் தொகுத்தாய்ந்தனர். இரண்டாம் தொகுப்பில் சராசரி விளைவளவு 0.21 திட்ட விலக்கம் எனக் கண்டனர். எலிசபெத் ரபோசா குழுவினர் 2019இல் 70 ஆய்வுகளையும் 25,000க்கும் மேற்பட்ட இளையோரையும் உள்ளடக்கி ஆராய்ந்தபோதும் அதே 0.21 கிடைத்தது.

இவ்வெண்ணின் பொருளைப் பின்வருமாறு விளக்கலாம். வழிகாட்டல் பெறாத நூறு மாணவரை ஒரு பண்பின் அடிப்படையில் வரிசைப்படுத்தினால், வழிகாட்டல் பெற்ற சராசரி மாணவர் அவர்களுள் ஏறத்தாழ 58 பேரைவிட முன்னிற்பார். வழிகாட்டலே இல்லையெனில் அவர் 50 பேரைவிட முன்னிற்பார். சிறிய பயன், ஆயினும் இல்லாத பயனன்று.

சாரா வுட், இவான் மேயோ-வில்சன் ஆகியோர் 2012இல் வளரிளம் பருவத்தினருக்கான பள்ளிசார் திட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து, 6,072 பேர் பங்கேற்ற எட்டு ஆய்வுகளைத் தொகுத்தனர். கல்வி, வருகை, நடத்தை ஆகியவற்றில் விளைவளவுகள் சுழியத்தை ஒட்டியே அமைந்தன. பொது வழிகாட்டலின் சராசரியைப் பள்ளிசார் வழிகாட்டலுக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

5. பயன் குறைவதற்கான காரணங்கள்

5.1 காலம். ஜீன் ரோட்ஸ் முன்வைக்கும் கோட்பாட்டின்படி, வழிகாட்டல் உறவின் அடித்தளம் நம்பிக்கை, பரிவு, இருவழிப் பற்று ஆகியன. இவை அமைந்த பின்னரே உணர்வு வளர்ச்சி, அறிவு வளர்ச்சி, தன்னடையாள உருவாக்கம் என்னும் மூன்று வழிகளில் பயன் விளையும். நம்பிக்கை அட்டவணைப்படி பிறப்பதில்லை. பள்ளி தொடங்கியபின் தன்னார்வலரைத் திரட்டி, பின்னணியைச் சரிபார்த்து, பயிற்சியளித்து, இணை சேர்ப்பதற்குள் சில மாதங்கள் கழிந்துவிடுகின்றன. விடுமுறைகளும் தேர்வுகளும் மேலும் சில வாரங்களை விழுங்குகின்றன. உறவு வேரூன்றும் நேரத்தில் கல்வியாண்டு முடிந்துவிடுகிறது.

5.2 முறிவு. 1995 ஆய்வின் தரவுகளைக் கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் மறுபடி ஆய்ந்தனர். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பயன்கள் மிகுந்திருந்தன. மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளிலோ, மாணவரின் தன்மதிப்புத் தாழ்ந்தது. முன்பே ஒரு பெற்றோரின் பிரிவைக் கண்ட சிறுவர்க்கு, தேடிவந்த துணையும் விலகிச்செல்வது மற்றுமொரு கைவிடலாகவே தோன்றும். பள்ளிசார் திட்டங்களில் இதனைச் சோதித்த 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இதே திசையைக் காட்டியது. ஒரே வழிகாட்டியுடன் தொடர்ந்தோர் கல்வியில் முன்னேறினர். முதல் உறவு முறிந்து வேறொருவருடன் சேர்க்கப்பட்டோர் அப்பயனைப் பெறவில்லை. வழிகாட்டியை மாற்றியமைப்பது ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவது போன்றதன்று என்பது இதனால் தெளிவாகும்.

5.3 குறிநோக்கம். நட்பு மட்டுமே போதுமா, குறிப்பிட்ட சிக்கலை நோக்கிய பயிற்சியும் வேண்டுமா என்ற விவாதம் நெடுநாளாக உண்டு. 2020இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, பொதுவான நட்புத் திட்டங்களின் விளைவளவு 0.11 எனவும், குறிப்பிட்ட தேவையை இலக்காகக் கொண்ட திட்டங்களின் விளைவளவு 0.25 எனவும் காட்டியது. இதனால் உறவு தேவையற்றது என்றாகாது. உறவு வாயிலாக எதனை அளிக்கிறோம் என்பதும் வரையறுக்கப்பட வேண்டும் என்றாகும்.

குறிநோக்கமுள்ள திட்டத்திற்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான 'செக் அண்ட் கனெக்ட்' சான்றாகும். இதில் ஊதியம் பெறும் வழிகாட்டி ஒருவர் மாணவரின் வருகை, நடத்தை, தேர்ச்சி ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணித்து, சரிவு தென்பட்டவுடன் தலையிடுகிறார். குடும்பத்துடனும் தொடர்பில் இருக்கிறார். சிகாகோ நகரில் நடந்த சமவாய்ப்பு ஆய்வில், 5 முதல் 7 வரையிலான வகுப்புகளில் சேர்க்கப்பட்டோரின் விடுப்பு நாட்கள் குறைந்தன. 1 முதல் 4 வரையிலான வகுப்புகளில் அவ்வாறு குறையவில்லை. மேல்நிலைப் பள்ளி மாணவரிடையே நடந்த பிறிதோர் ஆய்வில் பட்டம் பெறும் வீதத்தில் மாற்றம் காணப்படவில்லை. நல்ல திட்டமும் எந்த வயதில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே பயன் தருகிறது.

6. பிற நாட்டுச் சான்றுகள்

ஜெர்மனியின் 'ராக் யுவர் லைஃப்' திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்கள், கீழ்நிலைத் தொழிற்பாதைப் பள்ளிகளில் பயில்வோருக்கு வழிகாட்டிகளாக அமைகின்றனர். பத்து நகரங்களில் 308 இளையோரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, பின்தங்கிய குடும்பத்து மாணவரின் தொழில்வாய்ப்புக் குறியீடு அரைத் திட்ட விலக்கத்திற்கும் மேலாக உயர்ந்ததைக் காட்டியது. இது அமெரிக்கச் சராசரியைவிடப் பெரிது. ஆனால் வசதியுள்ள குடும்பத்து மாணவரிடம் இப்பயன் இல்லை. வீட்டில் கிடைக்காத தகவலையும் திசையறிவையும் வழிகாட்டி ஈடுசெய்யும் இடத்தில்தான் பயன் விளைகிறது. முன்பே அவை உள்ள இடத்தில் அவர் கூடுதலாகத் தருவது சிறிதே.

இராஜஸ்தானில் பள்ளி மாணவியருக்கு வாழ்க்கைத் திறன் வகுப்புகளுடன் பெண் வழிகாட்டியரின் துணையையும் இணைத்து நடத்தப்பட்ட திட்டத்தைப் பற்றிய சமவாய்ப்பு ஆய்வு, இடைநிற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டது. இங்கும் இலக்கு தெளிவாக இருந்தது: பெண் பள்ளியை விட்டு நீங்காதிருத்தல்.

7. இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கான பொருத்தம்

இந்தியக் கல்லூரிகளில் வழிகாட்டி முறை இன்று பரவலாக நடைமுறையில் உள்ளது. தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் (நாக்) கையேடு, வழிகாட்டி–மாணவர் விகிதத்தை அளவைகளுள் ஒன்றாகக் கேட்டுவந்துள்ளது. எனவே விகிதம் கணக்கிடப்படுகிறது, பதிவேடு பேணப்படுகிறது, சந்திப்பு நாட்கள் குறிக்கப்படுகின்றன. மேற்கண்ட ஆய்வுகளின் ஒளியில் நோக்கின், அளக்கப்படுவது ஒன்றாகவும் பயன் தருவது வேறொன்றாகவும் இருப்பது புலனாகும். ஒரு பேராசிரியருக்கு இத்தனை மாணவர் என்னும் எண், உறவு எத்தனை காலம் நீடித்தது, ஒரே வழிகாட்டி தொடர்ந்தாரா, எந்தச் சிக்கலை நோக்கி உரையாடல் நிகழ்ந்தது என்பனவற்றைச் சொல்வதில்லை.

பள்ளி நிலையில் இத்தகைய திட்டங்களை வகுப்போர்க்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் வழிகாட்டியை மாற்றுதல், பணியிட மாறுதலின்போது மாணவரிடம் விடைபெறாமல் விலகுதல் போன்ற சிறு நிருவாகச் செயல்கள், மாணவரின் பார்வையில் சிறியனவல்ல. தொடர இயலாத துணையை அளிப்பதைவிட அளிக்காதிருப்பது சில வேளைகளில் நன்று என்பதையே முறிவு பற்றிய ஆய்வுகள் உணர்த்துகின்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• வழிகாட்டித் திட்டங்கள் சராசரியாகச் சிறிய பயனை அளிக்கின்றன. பள்ளி வளாகத்துக்குள் மட்டும் நிகழும் திட்டங்களில் அப்பயன் மேலும் குறைகிறது.

• சமூகம்சார் வழிகாட்டலின் சான்றுகளைக் கொண்டு பள்ளிசார் வழிகாட்டலை விரிவாக்கியது ஆய்வு முறைப்படி பொருந்தாத செயல். ஒரே பெயரால் வழங்கும் இரு முறைகளைத் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

• ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் உறவு நன்மை பயக்கிறது. தொடக்கத்திலேயே முறியும் உறவு மாணவரின் தன்மதிப்பைத் தாழ்த்துகிறது.

• குறிப்பிட்ட தேவையை இலக்காகக் கொண்ட திட்டங்கள், பொதுவான நட்புத் திட்டங்களைவிட இருமடங்குக்கும் மேலான பயனைத் தருகின்றன.

• பங்கேற்றவரின் மனநிறைவு பயனுக்குச் சான்றாகாது என்பதைக் கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வு நிறுவியுள்ளது. எனவே கருத்துப் படிவங்களுடன் ஒப்பீட்டுக் குழு கொண்ட மதிப்பீடும் தேவை.

ஒரு மாணவரிடம் மூத்தவர் ஒருவரை அனுப்பும் நிறுவனம், சொல்லாமலேயே ஒரு வாக்குறுதியையும் அளித்துவிடுகிறது. அவ்வாக்குறுதி நிறைவேறும் வகையில் காலத்தையும் பயிற்சியையும் தொடர்ச்சியையும் உறுதிசெய்த பின்னரே திட்டத்தைத் தொடங்குவது தகும். எத்தனை மாணவருக்கு வழிகாட்டி அமைந்தார் என்று கணக்கிடுவதோடு, எத்தனை மாணவரிடம் அவ்வழிகாட்டி நிலைத்திருந்தார் என்றும் கணக்கிடுதல் இத்துறையின் இனிவரும் ஆய்வுகளுக்கும் நடைமுறைக்கும் இன்றியமையாததாகும்.